நஷ்டத்தை யார் பேரில் எழுதுவது?

போன ஆடி மாதம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். சாரல் விட்டுவிட்டுத் தூறியது. பாதையோரம் வழக்கம்போலப் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், முகத்தைச் சுளிக்கவைக்கும் வாசனையோடு துரியன். நான் எப்போதும் வாங்கும் கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அண்ணாச்சி ஓர் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, மங்குஸ்தான்களைப் பூ மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“யாருக்கு அண்ணாச்சி பார்சல்?”

“மெட்ராஸ்ல ஒரு டீச்சரம்மாவுக்கு. பாவம், பணத்தக் குடுத்து ஏமாந்துட்டாங்க.”

“உங்ககிட்டயா?”

“எங்கிட்ட இல்ல சார். எம் பேரச் சொல்லி எவனோ வாங்கித் தின்னுட்டான்.”

“அதுக்கு நீங்க ஏன் பழம் அனுப்பணும்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கடைப் பேரச் சொல்லில்லா ஏமாத்திருக்கான்? அப்ப கடைதான சார் பதில் சொல்லணும்!”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஒரு வருடமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இந்த நாட்டில் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும் யாரும் இதுவரை இப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். அண்ணாச்சியின் மகள் கல்லூரியில் படிக்கிற பெண். அப்பாவின் கடையை இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டாள். பழம், மலைத்தேன், நேந்திரம் சிப்ஸ். படம் பிடித்துப் போடுவாள். சென்னை, கோவை, பெங்களூரில் இருந்தெல்லாம் ஆர்டர் வரும். தென்காசியில் இருந்து பார்சல் போகும். மூன்று மாத சீசனை நம்பி வருடம் முழுக்க வாழ வேண்டிய கடைக்கு, சீசன் முடிந்த பிறகும் தேனும் சிப்ஸும் விற்றது பெரிய ஆறுதல்.

ஒருநாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் பக்கத்தில் உள்ள படம் ஒன்று காப்பிரைட் விதியை மீறியுள்ளது. 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்காவிட்டால் பக்கம் நீக்கப்படும்’ என்று. கீழே ஒரு லிங்க். தட்டினால் இன்ஸ்டாகிராமின் முகப்பு மாதிரியே ஒரு பக்கம். பதறிப்போய் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டாள். அடுத்த பத்து நிமிடத்தில் பக்கம் கைமாறிவிட்டது. இதற்குப் பெயர்தான் ஃபிஷிங். தூண்டில். புழுவுக்குப் பதில் பயத்தைக் கோர்த்துப் போடுவார்கள்.

பக்கத்தைப் பிடித்தவன் புத்திசாலி. பெயரை மாற்றவில்லை, படங்களை அழிக்கவில்லை. ‘சீசன் ஸ்பெஷல், முன்பணம் கட்டினால் பாதி விலை’ என்று ஒன்றைப் போட்டு, தன்னுடைய க்யூ.ஆர். கோடை ஒட்டிவிட்டான். பழைய வாடிக்கையாளர்கள் நம்பிப் பணம் அனுப்பினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கடை நம் கடை, படத்தில் நிற்பது நம் அண்ணாச்சி, அப்புறம் என்ன சந்தேகம்?

டீச்சரம்மா தன் வங்கிக்குப் போயிருக்கிறார். “நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க மேடம். நாங்க என்ன பண்ண முடியும்? கொஞ்சம் விழிப்புணர்வோட இருக்க வேண்டாமா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமுக்கு அந்தப் பெண் எழுதிய புகார்களுக்கு இயந்திரம் பதில் எழுதியது. மனுஷன் யாரும் எழுதவில்லை. கடைசியில், இந்த விவகாரத்தில் ஒரு பைசா லாபம் பார்க்காத ஒரே ஆள், ஐந்தருவிக் கடைக்காரர், கையில் காசில்லாததால் பழமாக நஷ்டஈடு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருடத்தில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்: பெறுபவர் பேரில் பற்று, தருபவர் பேரில் வரவு. நஷ்டம் என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. யாரோ ஒருவர் பேரேட்டில் அது உட்கார்ந்தே ஆகவேண்டும். ஆகாயத்தில் தொங்காது. ஆன்லைன் மோசடி பற்றிப் பேசும் எல்லோரும் இந்த ஒரு கேள்வியை மட்டும் நாசூக்காகத் தாண்டிப் போகிறார்கள். நஷ்டத்தை யார் பேரில் எழுதுவது?

இப்போதைக்கு டீச்சரம்மா பேரிலும் பழக்கடை பேரிலும் எழுதுகிறோம். தடுக்க முடியாதவர்கள் பேரில் எழுதுகிறோம். தடுக்க முடிந்தவர்களின் பேரேடு சுத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்தத் திருட்டு நிற்கவில்லை என்பது என் வாதம்.

எவ்வளவு பெரிய திருட்டு என்று தெரியுமா? எல்லா வகை சைபர் மோசடிகளையும் சேர்த்து 2023-ல் மக்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் மத்திய அரசே கொடுத்த கணக்கு இது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! எந்த நேர்மையான வியாபாரமும் இந்த வேகத்தில் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த மருந்து விழிப்புணர்வு. வங்கியில் போஸ்டர், குறுஞ்செய்தி, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி, பேரணி. போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன் ஒரு குரல் எச்சரித்துக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போன் செய்கிறவன்கூட அதைக் கேட்டு முடித்த பிறகுதான் பேச முடிந்தது. ஜனங்கள் கடுப்பாகி, 2025-ல் அதை நிறுத்தினார்கள்.

விழிப்புணர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்தருவிக்கு வந்து பாருங்கள். மலையில் மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு வந்தால் என்ன செய்கிறார்கள்? ‘வெள்ளம் வரலாம், விழிப்புடன் குளிக்கவும்’ என்று போர்டு வைத்துவிட்டுப் போலீஸ்காரர் டீ குடிக்கப் போய்விடுகிறாரா? விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். குளிக்கத் தடை போடுகிறார்கள். தண்ணீர் தணிந்த பிறகுதான் விடுகிறார்கள். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போயிற்று. அப்போது எல்லோரும் கேட்டது, முன்னெச்சரிக்கை ஏன் இல்லை, காவல் ஏன் இல்லை என்றுதான். பையனுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்ல யாருக்காவது நாக்கு வருமா? மலைமேல் பெய்கிற மழை கீழே குளிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வசதி உள்ளவர்கள்தான் விசில் ஊத வேண்டும்.

பண விஷயத்தில் மலைமேல் இருப்பது யார்?

முதலில் வங்கி. அதுவும் பணம் போய்ச் சேர்ந்த வங்கி. டீச்சரம்மாவின் பணம் மாயமாய் மறைந்துவிடவில்லை. இந்தியாவில், ரிசர்வ் வங்கி லைசென்ஸ் கொடுத்த ஒரு வங்கியில், ஆதாரும் பான் கார்டும் போட்டோவும் வாங்கித் திறந்த ஒரு கணக்கில்தான் போய் விழுந்தது. பெரும்பாலும் வாடகைக் கணக்கு. ஒரு கூலிக்காரருக்கோ கல்லூரி மாணவனுக்கோ சில ஆயிரம் கொடுத்து, அவர் பேரில் கணக்கும் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் வாங்கிக்கொள்கிறார்கள். நேற்று வரை நூறும் இருநூறுமாக இருந்த கணக்கில் இன்று பத்து ஊரில் இருந்து பணம் கொட்டுகிறது, வந்த வேகத்தில் வெளியே போகிறது. இது அந்த வங்கியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? நம் அண்ணாச்சி கடைப் பேரில் நடப்புக் கணக்கு தொடங்க எட்டு நடை நடந்தார். ‘இந்தப் பேப்பர் இல்லை, அந்தக் கையெழுத்து சரியில்லை’ என்றார்கள். திருடனுக்கு மட்டும் எல்லாப் பேப்பரும் சரியாக இருந்திருக்கிறது!

அடுத்தது சமூக வலைத்தளம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் ஒரு செய்தி வெளியிட்டது. மோசடி விளம்பரங்கள், தடைசெய்யப்பட்ட பொருள் விளம்பரங்கள் ஆகியவற்றில் இருந்து, தன் 2024 வருமானத்தில் சுமார் 10 சதவிகிதம் வரும் என்று மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களே கணக்குப் போட்டிருந்ததாம். தோராயமாக 1,600 கோடி டாலர். அது மிகைப்படுத்திய உத்தேசக் கணக்கு என்று மெட்டா மறுத்தது. சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். பாதி என்றாலும் எத்தனை ஐந்தருவிக் கடைகள்!

பழக்கடைகள் மட்டும் அல்ல, தங்கும் விடுதிகளும் இதே தூண்டிலில்தான் மாட்டுகின்றன. புக்கிங் டாட் காம் பெயரில் விடுதிக்காரர்களுக்குப் போலி மெயில் அனுப்பிக் கம்ப்யூட்டரைப் பிடிக்கிற ஒரு கும்பலைப் பற்றி மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. விருந்தாளி ஒருவர் மோசமாக விமர்சனம் எழுதியிருக்கிறார் என்று மெயில் வந்தால் எந்த விடுதிக்காரர் திறக்காமல் இருப்பார்? அடுத்த மாதமே நம் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம், கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், யாத்ரீகர் விடுதிகள் பெயரில் போலித் தளங்கள் நடப்பதாக எச்சரிக்கை விட்டது. கேதார்நாத்துக்கு வந்தது குற்றாலத்துக்கு வராது என்று நினைத்தால் நாம் அப்பாவிகள். சீசன் எங்கேயோ தூண்டில் அங்கே.

‘இதையெல்லாம் தடுப்பது நடைமுறையில் சாத்தியமா சார்?’ என்று கேட்பார்கள். நன்றாகச் சாத்தியம். சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை. ஜோஹோ நிறுவனத்தின் கிராமத்து அலுவலகம் இருக்கும் ஊர். 2018 செப்டம்பர் 24 அன்று, அந்த நிறுவனத்தின் இணைய முகவரியையே அதைப் பதிவுசெய்து கொடுத்த அமெரிக்க நிறுவனம் ஒன்று முடக்கிவிட்டது. உலகம் முழுக்கப் பல லட்சம் பேருடைய மெயிலும் அலுவலக வேலையும் நின்றன. காரணம்? ஜோஹோவின் மெயில் சேவையைத் திருடர்கள் சிலர் ஃபிஷிங்குக்குப் பயன்படுத்துவதாக வந்த புகார்கள். எத்தனை புகார்? மூன்று! அதில் இரண்டின் மேல் ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றார் ஸ்ரீதர் வேம்பு. ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்டுத்தான் மீள வேண்டியிருந்தது.

அந்த முடக்கம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. அது குருட்டுத்தனமான வேலை. ஆனால் அது ஒன்றை நிரூபித்தது. குழாயை மூட வேண்டும் என்று நினைத்தால் மூன்று புகாரில் மூட முடியும். அப்படியானால் அண்ணாச்சி மகளின் புகார்களுக்கு ஏன் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை? மூடாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

‘கஸ்டமரே பின் நம்பர் போட்டார், ஆகவே வங்கிக்குப் பொறுப்பில்லை’ என்கிற வாதத்தையும் பார்த்துவிடுவோம். செக் காலத்தில் சட்டம் என்ன சொன்னது? கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனியின் கணக்கர் 42 செக்குகளில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 3 லட்சத்து 26 ஆயிரம் ரூபாய் எடுத்துவிட்டார். ‘பாஸ் புக்கைப் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்தீர்களே, அது உங்கள் கவனக்குறைவு’ என்றது வங்கி. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தது வங்கி, நஷ்டமும் வங்கிக்கே என்றது.

‘அது போலிக் கையெழுத்து, இது நிஜமான பின் நம்பர்’ என்று மடக்குவார்கள். நியாயமான மடக்கு. அதற்கும் பழைய சட்டத்தில் பதில் இருக்கிறது. 1881-ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131-வது பிரிவு. செக்கை வசூலித்துக் கொடுக்கிற வங்கி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் நடந்திருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. யார் எவர் என்று விசாரிக்காமல் ஒருவனுக்குக் கணக்குத் திறந்து, அவன் கொண்டுவந்த திருட்டு செக்கை வசூலித்துக் கொடுத்தால், மாட்டிக்கொள்வது அந்த வங்கி. வெள்ளைக்காரன் காலத்திலேயே வாங்குகிற வங்கியின் பொறுப்பைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். நொடியில் பணம் போகிற காலத்தில் அதை மறந்துவிட்டோம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி ஒரு சுற்றறிக்கை போட்டது. வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது என்றது. வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் தலையில்தான் என்றது. அருமையான சுற்றறிக்கை. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்வது மாதிரியான கவனக்குறைவால் பணம் போனால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் வாடிக்கையாளர் பேரில் என்றும் அதிலேயே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்ப முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோரும் திரும்பிப் போகவில்லை. 2021-ல் வடகிழக்கில் ஒருவர் ஆன்லைனில் துணி வாங்கினார். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். ‘கடையின் கஸ்டமர் கேர்’ என்று ஒரு போன் வந்தது. கணக்கில் இருந்து 94,204 ரூபாய் போயிற்று. கடையின் இணையதளத்தில் இருந்தே விவரம் கசிந்திருந்தது. ஓ.டி.பி. எதையும் நான் சொல்லவில்லை என்றார் அவர். 24 மணி நேரத்துக்குள் புகாரும் கொடுத்துவிட்டார். கெளஹாத்தி உயர் நீதிமன்றம் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஸ்டேட் பாங்க் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி 3-ம் தேதி, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்த மேல்முறையீட்டை ஏற்கவில்லை. இத்தகைய பரிமாற்றங்களைக் கண்டுபிடிக்கிற தொழில்நுட்பம் வங்கிகளிடம் இருக்கிறது, பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. வாடிக்கையாளர்களும் ஓ.டி.பி. விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டும் சரி. ஆனால் 94 ஆயிரத்துக்காக டில்லி வரை போராட நம் டீச்சரம்மாவால் முடியுமா? அவர் இழந்தது ஒரு பெட்டிப் பழத்துக்கான காசு. சின்னச் சின்னதாகத் திருடினால் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள் என்பது திருடனுக்கும் தெரியும், வங்கிக்கும் தெரியும்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கி பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் பறந்தன. 790 பேர், 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வங்கி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதோடு விடவில்லை. வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மெயிலிலும் தட்டுகிற மாதிரி லிங்க்கே இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் உத்தரவு வந்தது. வங்கி லிங்க் அனுப்பாது என்றால், லிங்க் அனுப்புகிறவன் திருடன். ஒரு பாட்டிக்குக்கூட இது புரியும். 2024 டிசம்பர் 16 முதல், ஃபிஷிங்கில் போன பணத்துக்கு முதலில் வங்கி, அடுத்து செல்போன் கம்பெனி, தங்கள் கடமையைச் செய்தார்களா என்று பார்த்து, செய்யாதவர் பேரில் நஷ்டத்தை எழுதுகிறார்கள். இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்திருந்தால்தான் வாடிக்கையாளர் பேரில். வாடிக்கையாளரே தெரிந்து அனுப்பிய பணம் அதில் சேராது என்பது அந்த ஏற்பாட்டின் குறை.

அந்தக் குறையையும் தாண்டிப் போனது பிரிட்டன். ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணமாக இருந்தாலும், உள்நாட்டுப் பரிமாற்றத்தில் 85 ஆயிரம் பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் சட்டம். சுமையை அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். இந்தப் பாதிப் பாதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாங்குகிற வங்கியின் பையில் கை வைத்தால், வாடகைக் கணக்கைக் கண்டுபிடிக்க அதற்குத் தானாகவே புத்தி வரும்.

‘இப்படிக் கொடுத்தால் ஜனங்கள் பொறுப்பில்லாமல் ஆகிவிடுவார்கள், பொய்ப் புகார் கொடுப்பார்கள்’ என்பது வங்கிக்காரர்களின் வாதம். பிரிட்டன் அதையும் யோசித்திருக்கிறது. எச்சரித்தும் கேட்காமல் படுமோசமான அலட்சியத்தோடு நடந்தவருக்குக் கிடையாது. முதல் 100 பவுண்டு வரை வாடிக்கையாளரையே ஏற்கச் சொல்லலாம். பொய்ப் புகார் கொடுத்தால் வழக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்காக யாராவது வேண்டுமென்றே வண்டியை மரத்தில் மோதுகிறார்களா?

நம் ஊரிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன், வங்கியில் பதிவான நிஜப் பெயரைக் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் மாதக் கெடு வைத்தார்கள். ‘பணம் தருகிறேன்’ என்று சொல்லிப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றினார்களே, தனிநபர்களுக்குள் நடக்கும் அந்த ‘கலெக்ட்’ வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள். வங்கிகளின் இணையதளம் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்று அதே அக்டோபருக்குள் மாற்றச் சொன்னார்கள். மூன்றும் நல்ல காரியம். மூன்றும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஆயிரம் போஸ்டர் ஒட்டியும் அடைபடாத ஓட்டையை மேலே இருப்பவர்கள் போடும் ஒரே உத்தரவு அடைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். திருடனைப் பிடிக்கிறேன் என்று கடைக்காரனைப் பிடிக்கக் கூடாது. திருட்டுப் பணம் வைத்திருப்பவன் ஒருவன் வந்து 300 ரூபாய்க்குச் சிப்ஸ் வாங்கி யு.பி.ஐ.யில் கொடுத்தால், எங்கோ ஒரு மாநிலப் போலீஸின் கடிதத்தால் அந்தக் கடையின் மொத்தக் கணக்கும் முடங்குகிறது. கேரளத்தில் இப்படிப் பல சிறு வியாபாரிகள் தவித்தார்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்து, முழுக் கணக்கையும் முடக்காதே என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. சீசன் நேரத்தில் ஒரு மாதம் கணக்கு முடங்கினால் அந்தக் கடைக்கு அடுத்த சீசன் கிடையாது.

ஆகவே நான் கேட்பது நான்கே நான்கு. ஒன்று, ஏமாந்து அனுப்பிய பணமாக இருந்தாலும், நஷ்டத்தில் வாங்கிய வங்கிக்கும் பங்கு வேண்டும். இரண்டு, புதிதாகத் திறந்த கணக்கில் திடீரென்று பல ஊர்ப் பணம் கொட்டினால், அது வெளியே போகும் வாசலை ஒரு நாளாவது மூடி வையுங்கள். மூன்று, ஒரு கடையின் பக்கம் திருடு போனது என்று புகார் வந்தால், சில மணி நேரத்துக்குள் ஒரு மனுஷன் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், அதற்குப் பிறகு போன பணம் அந்த வலைத்தளத்தின் பேரில். நான்கு, சிறு கடையின் கணக்கில் கை வைத்தால் சந்தேகத் தொகையோடு நிறுத்திக்கொண்டு, காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

இதெல்லாம் நடக்கும் வரை நாம் பிழைக்க வேண்டுமே! கடை நடத்துகிறவர்களுக்கு: பக்கத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைப் பூட்டு போடுங்கள். அதாவது பாஸ்வேர்டு போட்ட பிறகும் இன்னொரு எண் கேட்கும் வசதி. எந்த மிரட்டல் வந்தாலும் வந்த லிங்க்கைத் தட்டாமல், ஆப்பை நீங்களே திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். ‘எங்கள் கடைக்குப் பணம் இன்ன பெயரில்தான் போகும்’ என்று பக்கத்திலும் பார்சலிலும் அச்சடித்து வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பதை மறக்காதீர்கள். வாங்குகிறவர்களுக்கு: பின் போடும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடை தென்காசியில், பெயர் வேறெங்கோ என்றால் கடைக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டுப் பேசுங்கள். பணம் போய்விட்டதா? அழுவதற்கு முன்னால் 1930-ஐ அழையுங்கள். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார். போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் கிடைக்கும். மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு.

அண்ணாச்சி பார்சலைக் கட்டி முடித்தார். “எத்தன பேருக்கு அனுப்பிட்டீங்க?” என்று கேட்டேன். “இதோட ஏழு. இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க. சீசன் நல்லா இருந்தா முடிச்சிருவேன்.” மகள் புதுப் பக்கம் ஆரம்பித்திருக்கிறாளாம். பழையதை நம்பி வந்தவர்களில் பாதிப் பேர்கூட இன்னும் வரவில்லை.

“கஷ்டமா இல்லியா அண்ணாச்சி?”

“கஷ்டந்தான். ஆனா அவங்க என்னைய நம்பித்தான சார் குடுத்தாங்க?”

டீச்சரம்மா தன் வங்கியையும் நம்பித்தான் பணத்தைப் போட்டு வைத்திருந்தார். யு.பி.ஐ.யை நம்பித்தான் பின் நம்பரைத் தட்டினார். அந்த வலைத்தளத்தை நம்பித்தான் கடையைத் தேடினார். நான்கு பேரை நம்பினார். பதில் சொன்னவர் ஒருவர்தான். அவரிடம் இருந்தது ஒரு தராசும் ஒரு தார்ப்பாயும்.